தேசியக் காட்டு நிலத்தோடு உங்கள் நிலத்தைப் பரிவர்த்தனை செய்வது எப்படி: அமெரிக்காவில் நிலம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வாஷிங்டன், மொன்டானா மாநிலங்கள் பக்கத்துக் காட்டு வரைபடம் ஒன்றை எடுத்துப் பாருங்கள். பல இடங்களில் பச்சைக் கட்டம், வெள்ளைக் கட்டம், மறுபடி பச்சை என்று சதுரங்கப் பலகை மாதிரி இருக்கும். பச்சை தேசியக் காடு, வெள்ளை தனியார் நிலம். 1864-இல் நார்தர்ன் பசிபிக் ரயில் கம்பெனி பாதை போடுவதற்காக, பாதையின் இரண்டு பக்கமும் ஒன்றுவிட்டு ஒன்றாகக் கட்டங்களைக் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) அள்ளிக் கொடுத்தது. அதன் மிச்சம்தான் இது. ஒரு கட்டத்தை 'செக்‌ஷன்' என்பார்கள், சராசரியாக 640 ஏக்கர், அதாவது ஒரு சதுர மைல். ரயில் கம்பெனி விற்றது, மரக் கம்பெனி வாங்கியது, அது பிரித்து விற்றது, கடைசியில் அதில் ஒரு துண்டு உங்கள் பெயருக்கு வந்திருக்கலாம்.

அப்படி நாலு பக்கமும் அரசாங்கக் காடு சூழ்ந்த நிலத்தை வைத்துக்கொண்டு வாழ்வது லேசான காரியம் இல்லை. பாதைக்கு அனுமதி, காட்டுத்தீ பயம், எல்லை தெரியாமல் உள்ளே வரும் வேட்டைக்காரர்கள், எது எங்கே முடிகிறது என்று தெரியாத வேலி. காட்டைப் பராமரிக்கும் ஃபாரஸ்ட் சர்வீஸுக்கும் இதே தலைவலி அந்தப் பக்கத்திலிருந்து இருக்கிறது. அதனால்தான் உள்ளே இருக்கும் உங்கள் நிலத்தை அவர்களிடம் கொடுத்துவிட்டு, ஓரத்தில் இருக்கும் அவர்கள் நிலத்தை நீங்கள் வாங்கிக்கொள்ளும் நிலப் பரிவர்த்தனைக்குச் சட்டத்தில் இடம் வைத்திருக்கிறார்கள்.

ஆனால் பெரும்பாலானவர்கள் தவறான முனையில் தொடங்குகிறார்கள். 'எனக்கு அந்த நிலம் வேண்டும்' என்று போய் நிற்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்வி 'என்னிடம் இருப்பதில் பொதுமக்களுக்கு வேண்டியது என்ன' என்பதுதான். இதற்குப் பதில் இல்லாத மனு எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தாலும் முதல் கட்டத்தையே தாண்டாது.

முதலில், பரிவர்த்தனைதான் வேண்டுமா என்று பாருங்கள்

இது வருடக்கணக்கில் இழுக்கும் வேலை, செலவும் உண்டு. உங்கள் பிரச்சினைக்கு இதைவிடச் சின்ன மருந்து இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

பாதைதான் பிரச்சினை என்றால், 1980-ஆம் ஆண்டின் அலாஸ்கா நிலச் சட்டத்திலேயே (பெயர்தான் அலாஸ்கா, இந்தப் பிரிவு எல்லாத் தேசியக் காட்டுக்கும் பொருந்தும்) காட்டுக்கு உள்ளே சிக்கிய தனியார் நிலத்துக்கு நியாயமான போக்குவரத்து வழி கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. பாதை அனுமதி கேட்டு விண்ணப்பித்தால் போதும், நிலத்தையே மாற்ற வேண்டியதில்லை.

பழைய தவறான சர்வேயை நம்பி வீட்டின் ஒரு மூலையோ கொட்டகையோ காட்டு நிலத்துக்குள் போய்விட்டதா? அதற்கு 1983 ஜனவரியில் வந்த சிறு நிலத்துண்டுச் சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டம் வருவதற்கு முன்பே, தெரியாமல் நல்லெண்ணத்தில் கட்டியதாக இருந்தால், 10 ஏக்கர் வரை விலைக்கோ மாற்றாகவோ தீர்த்துக்கொள்ள வழி உண்டு. மதிப்பு வரம்பு முதலில் 1,50,000 டாலராக இருந்தது, 2018 பண்ணைச் சட்டத்தில் 5,00,000 டாலராக உயர்த்தினார்கள். முழுப் பரிவர்த்தனையைவிட இது மிகவும் எளிது.

உங்களுக்கு மாற்று நிலமே வேண்டாம், பணம்தான் வேண்டும் என்றால் நேரடியாக விற்கலாம். நிலம் மற்றும் நீர்ப் பாதுகாப்பு நிதி என்று ஒன்று 1964 முதல் இருக்கிறது. 2020 சட்டத்துக்குப் பிறகு வருடத்துக்கு 90 கோடி டாலர் நிரந்தரமாக ஒதுக்கப்படுகிறது. அதில் உங்கள் நிலம் முன்னுரிமைப் பட்டியலில் ஏற வேண்டும், அது தனிக் கதை.

இந்த மூன்றும் ஒத்துவரவில்லை என்றால் மேலே படியுங்கள்.

சட்டத்தின் அடிப்படை

பொதுப் பரிவர்த்தனைச் சட்டம் 1922-இல் வந்தது. கிழக்கு மாநிலங்களில் அரசு விலைக்கு வாங்கிச் சேர்த்த காடுகளுக்கு 1911-இன் வீக்ஸ் சட்டம் வழி. இன்று நடைமுறையை ஆள்வது 1976-இன் கூட்டரசு நிலக் கொள்கைச் சட்டம் (சுருக்கமாக ஃபிலிப்மா என்பார்கள்), அதன் மேல் 1988-இல் வந்த பரிவர்த்தனை எளிமைச் சட்டம். ஃபாரஸ்ட் சர்வீஸின் விதிகள் கூட்டரசு விதித்தொகுப்பில், 36 சி.எஃப்.ஆர். பகுதி 254-இல் இருக்கின்றன. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும், ஒரு மாலை உட்கார்ந்தால் படித்துவிடலாம். வக்கீலிடம் போவதற்கு முன் கண்டிப்பாகப் படியுங்கள்.

அதிலிருந்து மனதில் நிறுத்த வேண்டியவை இவை. பரிவர்த்தனை இரு தரப்பும் விரும்பிச் செய்வது. உங்களுக்கு அது ஓர் உரிமை அல்ல, அவர்கள் மறுத்தால் மறுத்ததுதான். இரண்டு நிலமும் ஒரே மாநிலத்தில் இருக்க வேண்டும். பொதுநலனுக்கு நல்லது என்று அதிகாரி எழுத்தில் முடிவு செய்ய வேண்டும். நிலங்களின் மதிப்பு சமமாக இருக்க வேண்டும், அல்லது பணம் கொடுத்துச் சமப்படுத்த வேண்டும். அந்தப் பணம், அரசு உங்களுக்குக் கொடுக்கும் நிலத்தின் மதிப்பில் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

ஏக்கர் கணக்கு இதில் எங்கேயும் இல்லை. 1998-இல் வாஷிங்டன் மாநிலத்தில் நடந்த ஹக்கிள்பெர்ரி பரிவர்த்தனையில் வேயர்ஹவுசர் கம்பெனி சுமார் 30,000 ஏக்கரைக் கொடுத்து 4,300 ஏக்கர் சொச்சத்தை வாங்கியது. கேட்பவருக்கு அரசுக்குக் கொள்ளை லாபம் மாதிரித் தெரியும். ஆனால் ஒரு பக்கம் பெரும்பாலும் வெட்டி முடித்த நிலம், இன்னொரு பக்கம் பெரிய மரங்கள் நிற்கும் காடு. ஏக்கரை மட்டும் சொல்லி யாராவது உங்களிடம் பேரம் பேசினால், நீங்கள் எந்தப் பக்கத்தில் இருந்தாலும் சரி, அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டு மதிப்பைக் கேளுங்கள்.

படி 1: வரைபடத்தோடு ரேஞ்சர் அலுவலகத்துக்குப் போங்கள்

ஃபாரஸ்ட் சர்வீஸின் உள்ளூர்க் கிளையான மாவட்ட ரேஞ்சர் அலுவலகத்தில் நில விவகாரங்களைப் பார்க்கும் ஊழியர் ஒருவர் இருப்பார், அல்லது எந்த அலுவலகத்தில் இருக்கிறார் என்று சொல்வார்கள். போவதற்கு முன் அந்தக் காட்டின் மேலாண்மைத் திட்டத்தைப் படித்துவிடுங்கள். ஒவ்வொரு தேசியக் காட்டுக்கும் 1976-இன் காடு மேலாண்மைச் சட்டப்படி ஒரு திட்டம் உண்டு. எந்த மாதிரி நிலத்தைச் சேர்க்க விரும்புகிறார்கள், எதை விட்டுக்கொடுக்கத் தயார் என்பதற்கான பதில் பெரும்பாலும் அதில் கிடைத்துவிடும். ஆற்றங்கரை, சதுப்பு நிலம், அருகிவரும் உயிரினங்களின் வாழிடம், நடைபாதை குறுக்கே போகும் துண்டு, வனாந்தரப் பகுதி என்று காங்கிரஸ் அறிவித்த எல்லைக்குள் இருக்கும் தனியார் நிலம் ஆகியவற்றுக்கு எப்போதும் மதிப்பு உண்டு. ஊரை ஒட்டி, நாலு பக்கமும் வீடு வந்துவிட்ட தனித்துண்டுக் காட்டு நிலத்தை விட்டுக்கொடுக்க அவர்கள் முன்வரலாம். வனாந்தரப் பகுதிக்குள் இருக்கும் அரசு நிலத்தைக் கேட்டுப் போகாதீர்கள், வீண் வேலை.

முதல் சந்திப்பில் கொடுக்கச் சொல்ல வேண்டாம், பேசுங்கள். சர்வே கட்டத்தில் உங்கள் நிலம் இருக்கும் இடத்தைச் சொல்லும் டவுன்ஷிப், ரேஞ்ச், செக்‌ஷன் எண்களோடு ஒரு பக்க வரைபடம் போதும். 'இதில் உங்களுக்கு எது உபயோகம்' என்று கேட்டுவிட்டுக் காதைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். நல்ல பரிவர்த்தனைகளின் வடிவம் பெரும்பாலும் இந்த மேசையில்தான் உருவாகிறது. நீங்கள் கேட்க நினைத்த துண்டு ஒன்றாக இருக்கும், அவர்களுக்கு விடச் சௌகரியமானது பக்கத்துத் துண்டாக இருக்கும்.

படி 2: உங்கள் வீட்டுக் கணக்கைச் சுத்தம் செய்யுங்கள்

மனு எழுதுவதற்கு முன்பே நில உரிமையைச் சரிபார்க்கும் ஒரு டைட்டில் கம்பெனியிடம் முதல்நிலை வில்லங்க அறிக்கை வாங்கிவிடுங்கள். இதைத் தள்ளிப்போடுபவர்கள்தான் அதிகம், கடைசியில் அவதிப்படுவதும் அவர்கள்தான். அரசு ஒரு நிலத்தை ஏற்கும்போது பார்க்கும் வில்லங்கத் தரம், வங்கி வீட்டுக்கடனுக்குப் பார்ப்பதைவிடக் கறார்.

அறிக்கையின் விதிவிலக்குப் பட்டியலை, 'ஷெட்யூல் பி' என்று போட்டிருக்கும், வரி வரியாகப் படியுங்கள். உதாரணத்துக்கு அதில் இப்படி வரும்: பல பத்தாண்டுகளுக்கு முன் யாரோ ஒரு மரக் கம்பெனிக்குக் கொடுத்த பாதை உரிமை, மின்கம்பிக்கான ஈஸ்மென்ட் (பிறர் நிலத்தைப் பயன்படுத்தும் உரிமை), அப்பா காலத்துக் கடனுக்கான அடமானம் தீர்ந்தும் ரத்துப் பதிவு செய்யாமல் கிடப்பது, பூமிக்கு அடியில் உள்ள கனிமம் வேறு ஒருவர் பெயரில் தனியாகப் பிரிந்து நிற்பது. கடைசியில் சொன்னது மேற்கு மாநிலங்களில் மிகச் சாதாரணம், அதுதான் அதிகம் கழுத்தை நெரிப்பதும். மேலே நிலம் உங்களுடையது, கீழே கனிமம் இன்னொருவருடையது என்றால், வாங்கும் அரசுக்கு நாளை அங்கே யாராவது தோண்ட வந்து நிற்பார்களோ என்ற பயம் வரும். கனிம வல்லுநர் அறிக்கை எழுதி, தோண்டும் வாய்ப்பு மிகக் குறைவு என்று சொன்னால் சில சமயம் ஒத்துக்கொள்வார்கள். அல்லது நீங்கள் அந்தக் கனிம உரிமையை விலை பேசி வாங்க வேண்டியிருக்கும், அதற்கு நேரம் பிடிக்கும்.

தண்ணீர் உரிமை இருந்தால் அதுவும் நிலத்தோடு போகிறதா, உங்களிடம் நிற்கிறதா என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். பிறகு பேசினால் மதிப்பீட்டையே மாற்ற வேண்டி வரும்.

அப்புறம் குப்பை. பழைய டீசல் தொட்டி, கைவிட்ட மரமில், ஓடாத கார்கள், மண்ணில் ஊறிய எண்ணெய் என்று எது இருந்தாலும் சொல்லிவிடுங்கள். நச்சுப் பொருள் பற்றிய சோதனை இரு பக்க நிலத்துக்கும் நடக்கும், மறைக்க முடியாது, மறைத்தால் நம்பிக்கை போய்விடும்.

படி 3: மனு, அப்புறம் சாத்தியக்கூறு ஆய்வு

மனு ஒரு கடிதம்தான். எந்த நிலம், எந்த நிலத்துக்கு, ஏன் பொதுமக்களுக்கு நல்லது. மூன்றாவதை நீளமாக எழுதுங்கள், முதல் இரண்டையும் துல்லியமாக எழுதுங்கள்.

அதை வைத்து அதிகாரிகள் உள்ளுக்குள் ஒரு சாத்தியக்கூறு ஆய்வு செய்வார்கள். பொதுநலன் என்ன, அந்த அரசு நிலம் ஆரம்பத்திலிருந்தே பொதுநிலமா அல்லது விலைக்கு வாங்கியதா, தோராயமான மதிப்புகள் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்குமா, உள்ளூரில் யார் எதிர்ப்பார்கள், கவுண்டி (மாநிலத்துக்குள் ஓர் உள்ளூர் ஆட்சிப் பிரிவு) நிர்வாகத்துக்குச் சொத்துவரியில் என்ன ஆகும், தங்களுக்கு இதைச் செய்ய ஆள் இருக்கிறதா, எல்லாம் பார்ப்பார்கள். ஆள் இருக்கிறதா என்பது சின்ன விஷயம் இல்லை. நல்ல மனுக்கள் ஊழியர் பற்றாக்குறையாலேயே வரிசையில் நிற்பதுண்டு. இந்தக் கட்டத்தில் அவர்கள் 'வேண்டாம்' என்றால் அதைத் தோல்வியாக எடுக்காமல் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்; பல சமயம் ஒரு துண்டை நீக்கினால் அல்லது இன்னொன்றைச் சேர்த்தால் கதவு திறக்கும்.

படி 4: தொடங்குவதற்கான உடன்படிக்கை

ஆய்வு சரி என்றால் இரு தரப்பும் ஒரு தொடக்க உடன்படிக்கையில் கையெழுத்திடுவீர்கள். இது யாரையும் கட்டாது. இறுதி ஒப்பந்தத்துக்கு முன் எந்த நேரமும் இரு தரப்பும் விலகிக்கொள்ளலாம். அதனால் இது வெறும் சடங்கு என்று நினைத்துவிடாதீர்கள், இதற்குள்தான் செலவுப் பங்கீடு இருக்கிறது.

யார் எதற்குப் பணம் கட்டுவது, எந்த வேலை எந்த மாதத்துக்குள் முடிய வேண்டும் என்று அதில் ஓர் அட்டவணை வரும். சர்வே, வில்லங்க அறிக்கை, டைட்டில் இன்சூரன்ஸ், சுற்றுச்சூழல் சோதனை, தொல்லியல் ஆய்வு, மதிப்பீடு, பத்திரிகை விளம்பரம் வரைக்கும் ஒவ்வொரு வரியும் உங்கள் பையிலிருந்தோ அவர்கள் பையிலிருந்தோ போகும். நடைமுறையில் தனியார் தரப்பு கணிசமான பங்கை ஏற்றுக்கொண்டால் வேலை வேகமாக நகர்கிறது. ஆனால் பாதியில் விலகினால் செலவழித்த பணம் திரும்பி வராது என்பதைக் கணக்கில் வைத்தே கையெழுத்துப் போடுங்கள். வீட்டில் இன்னும் யாராவது பங்குதாரர் இருந்தால் அவர்களையும் இப்போதே உட்கார வைத்துப் பேசிவிடுங்கள். நிலத்தில் பேர் உள்ள எல்லோரும் கடைசியில் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர்கள்.

இந்த உடன்படிக்கை முடிந்த 90 நாளுக்குள் மதிப்பீட்டுக்கு ஏற்பாடு செய்ய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. இன்னொன்று, நடுவில் யாரோ சுரங்க உரிமை கோரி உள்ளே வராமல் இருக்க, அந்த அரசு நிலத்தை அதிகபட்சம் 5 வருடம் வரை பொதுநிலச் சட்டங்களிலிருந்து ஒதுக்கி வைக்க முடியும். அது உங்கள் பாதுகாப்புக்கும்தான்.

படி 5: ஊருக்குச் சொல்வது

பரிவர்த்தனை அறிவிப்பு அந்தக் கவுண்டியின் செய்தித்தாளில் வாரம் ஒரு முறையாக நான்கு வாரம் தொடர்ந்து வர வேண்டும். முதல் விளம்பரத்திலிருந்து 45 நாள் மக்கள் கருத்துச் சொல்லலாம். மாநில, உள்ளூர் நிர்வாகத்துக்கும், அந்தப் பகுதிக் காங்கிரஸ் உறுப்பினர்களுக்கும், அந்த அரசு நிலத்தில் ஏற்கனவே அனுமதி வைத்திருப்பவர்களுக்கும் தனியாகத் தகவல் போகும்.

விளம்பரத்துக்காகக் காத்திருக்காதீர்கள். அக்கம்பக்கத்துக்காரர்கள், வேட்டைச் சங்கம், நடைபயணிகள், மாடு மேய்ப்பவர்கள் எல்லோரிடமும் நீங்களே முன்கூட்டிப் போய்ப் பேசுங்கள். மக்களுக்கு அந்தக் காடு மீது பாசம் இருக்கிறது, அது அவர்கள் சொத்து. முப்பது வருடமாக மகனைக் கூட்டிக்கொண்டு மீன் பிடிக்கப் போன ஓடைக்கு நாளை 'உள்ளே வராதே' பலகை வரப்போகிறது என்று செய்தித்தாளில் படித்துத் தெரிந்துகொள்வதற்கும், நீங்களே வந்து சொல்லி, அந்த ஓடைக்குப் பாதை உரிமை விட்டுத் தருகிறேன் என்பதற்கும் எவ்வளவு வித்தியாசம்! இது தந்திரம் இல்லை, அவர்களுக்கு நீங்கள் செய்ய வேண்டிய கடமை.

மொன்டானாவின் கிரேசி மலைத்தொடரில் ஃபாரஸ்ட் சர்வீஸ் 2025 ஜனவரியில் ஒப்புதல் கொடுத்த பரிவர்த்தனையைப் பாருங்கள். பொதுமக்கள் தரப்புக்குக் கிடைத்தது சுமார் 6,110 ஏக்கர், போனது சுமார் 3,855 ஏக்கர். இருந்தும் பலர் கடுமையாக எதிர்த்தார்கள். வருவது உயரமான, கரடுமுரடான மலை. போவதில் காட்டுமான்கள் வந்து தங்கும் தாழ்வான நல்ல நிலம் இருக்கிறது, பழைய பாதைகளின் மேல் உள்ள உரிமையும் போகிறது என்பது அவர்கள் வாதம். இந்த ஆதங்கத்தில் நியாயம் இருக்கிறதா இல்லையா என்று ஒவ்வொரு பரிவர்த்தனையிலும் நேர்மையாகக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

மாடு மேய்க்க அனுமதி உள்ளவர் அந்த அரசு நிலத்தில் இருந்தால், பொதுவாக அவருக்கு இரண்டு வருட முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். அவரே விட்டுக்கொடுத்தால் தவிர. அவரைத்தான் முதலில் பாருங்கள்.

படி 6: களத்தில் நடக்கும் ஆய்வுகள்

தேசியச் சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டப்படி ஆய்வு நடக்கும். நிலம் கைமாறினால் அங்கே அடுத்து என்ன நடக்கும் என்பதுதான் அதன் மையம். நீங்கள் மரம் வெட்டப் போகிறீர்களா, வீடு கட்டப் போகிறீர்களா என்று கேட்பார்கள். உள்ளதைச் சொல்லுங்கள். கூடவே அருகிவரும் உயிரினங்கள் சட்டப்படி வனவிலங்குத் துறையோடு கலந்தாலோசனை, வெள்ளச் சமவெளி, சதுப்பு நிலக் கணக்கு (1977-இன் ஜனாதிபதி ஆணைகள் இரண்டு), சர்வே, எல்லைக்கல் எல்லாம் ஓடும்.

தொல்லியலுக்கு மட்டும் தனியாக ஒரு வார்த்தை. ஒரு நிலம் கூட்டரசின் கையை விட்டுப் போனாலே அங்குள்ள பழஞ்சின்னத்துக்கு இருந்த பாதுகாப்பும் போகிறது. அதனால் சட்டம் அந்தக் கைமாற்றத்தையே ஒரு பாதிப்பாகக் கருதுகிறது. மேலே சொன்ன ஹக்கிள்பெர்ரி விஷயத்தில் மக்கில்ஷூட் பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாக நடந்த பாதை ஒன்று அரசு கம்பெனிக்குக் கொடுத்த நிலத்தில் இருந்தது. அதைப் படம் எடுத்து வரைபடமாக்கிவிட்டால் போதும் என்று விட்டார்கள். பழங்குடியினர் வழக்குப் போட்டார்கள், 1999-இல் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அது போதாது என்றது, மாற்று வழிகளையும் சரியாகப் பார்க்கவில்லை என்றது. நிலம் ஏற்கனவே கைமாறிய பிறகு வந்த தீர்ப்பு அது. பழங்குடியினரோடு கலந்து பேசுவது அரசின் கடமை, உங்கள் கடமை அல்ல என்றாலும், அது நடந்ததா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நடக்காமல் போனால் விழப்போவது உங்கள் பரிவர்த்தனையும்தான்.

படி 7: மதிப்பீடு

எல்லாம் கடைசியில் இங்கேதான் நிற்கிறது, அதனால் நிதானமாகப் படியுங்கள்.

வங்கிக்காக நீங்கள் எடுத்து வைத்திருக்கும் மதிப்பீடு இதற்குச் செல்லாது. கூட்டரசின் நிலம் வாங்கலுக்கென்று ஒரு தர நூல் இருக்கிறது, மஞ்சள் அட்டையால் 'யெல்லோ புக்' என்றே பேர், கடைசிப் பதிப்பு 2016. அதன்படி எழுதத் தெரிந்த மதிப்பீட்டாளர் வேண்டும், ஃபாரஸ்ட் சர்வீஸ் கொடுக்கும் அறிவுறுத்தலின்படி அவர் எழுத வேண்டும், அதை அவர்களுடைய மறுஆய்வு மதிப்பீட்டாளர் ஏற்க வேண்டும்.

அரசு நிலத்தை அவர் 'இது தனியார் கையில் இருந்து, சந்தையில் விற்பனைக்கு வந்தால் என்ன விலை போகும்' என்று பார்ப்பார். காடு என்பதால் விலையில்லை என்று கிடையாது. நிலத்தின் மிக உயர்ந்த, மிகச் சிறந்த பயன்பாடு எது என்பதுதான் மதிப்பீட்டின் உயிர். கலிஃபோர்னியாவின் இம்பீரியல் கவுண்டியில் நடந்த ஒரு பரிவர்த்தனை (அது கூட்டரசின் இன்னொரு துறையான நில மேலாண்மைப் பணியகத்தின் நிலம், ஆனால் சட்டம் இதேதான்) இதற்கு நல்ல பாடம். அரசு நிலத்தை ஏக்கருக்கு 350 டாலர் என்று வெட்டவெளி நிலமாக மதிப்பிட்டார்கள். அங்கே மாபெரும் குப்பைக் கிடங்கு வரப்போவது எல்லோருக்கும் தெரியும், ஆனால் மதிப்பீட்டில் அது இல்லை. 2000-இல் நீதிமன்றம் அந்த மதிப்பீடு செல்லாது என்றது. அதே வருடம் காங்கிரஸின் தணிக்கை அலுவலகமும், பல பரிவர்த்தனைகளில் அரசு நிலத்தைக் குறைத்தும் தனியார் நிலத்தைக் கூட்டியும் மதிப்பிட்டிருக்கிறார்கள் என்று அறிக்கை கொடுத்தது. பரிவர்த்தனை என்றாலே மக்கள் சந்தேகத்தோடு பார்ப்பதற்கு இந்த வரலாறுதான் காரணம். உங்களுக்குச் சாதகமாக மதிப்பு வளைந்தால் சந்தோஷப்படாதீர்கள். நீதிமன்றத்தில் நிற்காத மதிப்பு உங்களுக்குப் பிரயோஜனம் இல்லை.

உங்கள் பக்கத்தில் விலையைக் கூட்டுவதும் குறைப்பதும் பெரும்பாலும் பாதைதான். சட்டப்படி வண்டி போக வழி உள்ள 160 ஏக்கரும், பழக்கத்தில் மட்டும் வழி உள்ள 160 ஏக்கரும் ஒரே விலை போகாது. பாதை உரிமைக்கு எழுத்தில் ஆதாரம் இருந்தால் மதிப்பீட்டாளர் கையில் கொடுங்கள். மரம் நின்றால் முறையான மர அளவீடு நடக்கும். உங்கள் 640 ஏக்கரைப் பதினாறு 40 ஏக்கர் மனைகளாகக் கற்பனை செய்து, ஒவ்வொன்றின் விலையையும் கூட்டிப் போடச் சொன்னால் ஏற்க மாட்டார்கள். ஒரே வாங்குபவர் முழுசாக என்ன கொடுப்பார் என்பதே கணக்கு.

மதிப்பீட்டை ஏற்பதில் ஒத்துப் போகவில்லை என்றால், ஆய்வுக்கு அனுப்பிய 180 நாளுக்குள் முடிவு வராதபோது நடுவரிடம் போகலாம், அல்லது இரு தரப்பும் சம்மதித்துப் பேரம் பேசித் தீர்க்கலாம். நடுவர் சொன்ன மதிப்பு அதிகபட்சம் 2 வருடம் செல்லும். அதற்குப் பிறகும் யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது, நடுவர் முடிவு வந்த 30 நாளுக்குள் தொடர்வதா, மாற்றுவதா, விலகுவதா என்று தீர்மானிக்கலாம்.

சின்னப் பரிவர்த்தனைகளுக்கு ஒரு சலுகை: அரசு நிலத்தின் மதிப்பு 1,50,000 டாலருக்குள், இரண்டு நிலமும் இடம், அளவு, பயன்பாடு எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுபோல இருந்தால், முழு மதிப்பீடு இல்லாமல் மதிப்பு அறிக்கையோடு முடிக்க வழி உண்டு.

படி 8: சமப்படுத்துவது

எண்ணிலேயே பார்ப்போம். அரசு நிலம் 8,00,000 டாலர், உங்களுடையது 6,50,000. வித்தியாசம் 1,50,000. அரசு நிலத்தின் 25 சதவீதம் 2,00,000, ஆகவே நீங்கள் அந்த 1,50,000-ஐப் பணமாகக் கட்டி முடிக்கலாம். உங்களுடையது 5,50,000 மட்டுமே என்றால் வித்தியாசம் 2,50,000, வரம்பைத் தாண்டிவிட்டது. அப்போது பணத்தால் மட்டும் தீராது; அரசுப் பக்கத்தில் ஒரு துண்டைக் குறைக்க வேண்டும், அல்லது நீங்கள் இன்னொரு துண்டைச் சேர்க்க வேண்டும். அதனால்தான் அனுபவசாலிகள் ஆரம்பத்திலேயே தேவைக்கு மேல் சில துண்டுகளை முன்னுரிமை வரிசையோடு உடன்படிக்கையில் போட்டு வைப்பார்கள். மதிப்பு வந்த பிறகு கடைசியிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றிச் சமன் செய்யலாம், புதிதாக விளம்பரமும் ஆய்வும் செய்ய வேண்டியதில்லை. நான் யாருக்காவது ஒரே ஒரு யோசனைதான் சொல்லலாம் என்றால் இதைத்தான் சொல்வேன்.

மிகச் சிறிய வித்தியாசத்தைத் தள்ளுபடி செய்யவும் இடம் உண்டு: அரசு நிலத்தின் மதிப்பில் 3 சதவீதம் அல்லது 15,000 டாலர், இரண்டில் எது குறைவோ அது வரை.

வரி விஷயம். ஒரே வகைச் சொத்துக்குச் சொத்து மாற்றினால், வரிச் சட்டத்தின் 1031-ஆம் பிரிவில் லாபத்தின் மீதான வரியைத் தள்ளிப்போட வாய்ப்பு இருக்கிறது, அரசோடு செய்யும் பரிவர்த்தனைக்கும்தான். கையில் பணமாக வாங்கும் பகுதிக்கு வரி வரும். வீட்டை ஒட்டிய சொந்தப் பயன்பாட்டு நிலம் என்றால் கணக்கே வேறு. ஒப்பந்தத்துக்கு முன் வரி ஆலோசகரைப் பாருங்கள், பின்னால் அல்ல.

படி 9: முடிவும் ஒப்பந்தமும்

அதிகாரி முடிவை எழுத்தில் வெளியிட்டு அறிவிப்பு கொடுப்பார். அதை எதிர்க்கவோ ஆட்சேபிக்கவோ மக்களுக்கு உள்ள வழியும் காலக்கெடுவும் அந்த அறிவிப்பிலேயே எழுதியிருக்கும். விதிகள் அவ்வப்போது மாறுபவை என்பதால் பழைய பரிவர்த்தனைகளைப் பார்த்து நாள் கணக்கு போடாதீர்கள். அந்த அவகாசம் முடியும்வரை புது நிலத்தில் வேலி போடுவது, மரம் குறி வைப்பது, கான்ட்ராக்டரை அழைத்துக் காட்டுவது எதையும் செய்ய வேண்டாம். உங்களுடையதாகாத நிலம் அது.

பரிவர்த்தனை ஒப்பந்தம் போட்டால் அதிலிருந்து இரு தரப்பும் கட்டுப்பட்டவர்கள். அதற்குப் பிறகு உங்கள் நிலத்தில் மரம் வெட்டினாலோ தீ விபத்து நடந்தாலோ மதிப்பு மாறிவிடும், அப்போது என்ன செய்வது என்ற வரி அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

படி 10: பத்திரப் பதிவு

நீங்கள் உத்தரவாதப் பத்திரம் எழுதிக் கொடுப்பீர்கள். அரசு தரப்பில் வருவது பேட்டன்ட் (அரசு நிலத்தை உங்கள் பெயருக்கு மாற்றும் ஆவணம்) அல்லது பரிவர்த்தனைப் பத்திரம். அரசு உங்களைப் போல உத்தரவாதம் கொடுப்பதில்லை, அதனால் உங்களுக்கு வரும் நிலத்தின் பழைய பாதை அனுமதி, மின்கம்பி, கனிம நிலை எல்லாவற்றையும் நீங்களே ஆராய்ந்துகொள்ளுங்கள். அரசின் சட்ட அலுவலகம் உங்கள் மூலப் பத்திரங்களையும் வில்லங்கத்தையும் பார்த்துக் கருத்து எழுதும். அது சரியான பிறகு இரண்டு பத்திரமும் ஒரே நேரத்தில் எஸ்க்ரோ (இரு தரப்புக்கும் பொதுவாக ஆவணங்களைப் பிடித்து வைக்கும் மூன்றாம் நபர்) வழியாகக் கைமாறி, கவுண்டி அலுவலகத்தில் பதிவாகும்.

பதிவான அன்றே கவுண்டி வரி மதிப்பீட்டாளருக்குத் தகவல் கொடுங்கள். கொடுத்த நிலத்துக்கு இனி சொத்துவரி இல்லை, வாங்கிய நிலத்துக்கு உண்டு, இரண்டுக்கும் பில் வந்துகொண்டே இருந்தால் சரிசெய்ய மாதக்கணக்கில் ஆகும். பழைய நிலத்துக்கு எடுத்திருந்த காப்பீட்டை நிறுத்தி, புதியதற்கு எடுங்கள். புது எல்லையில் சர்வேயர் போட்ட கற்களை ஒரு தடவை நீங்களே நடந்து பார்த்து, ஒவ்வொன்றையும் படம் எடுத்து வையுங்கள். பொதுமக்களுக்குப் பாதை விடுவதாக ஒப்பியிருந்தால், அந்த ஈஸ்மென்ட்டும் அதே நாளில் பதிவாகிவிட்டதா என்று பதிவு எண்ணோடு சரிபார்த்து, ஒரு நகலை ரேஞ்சர் அலுவலகத்திலும் கொடுத்துவிடுங்கள்.